ஏற்காட்டில் ஒரு ஜாடி, சேலத்தில் ஒரு ஜாடி

ஜனவரி, பொங்கலுக்கு முந்தின ஞாயிறு

ஏற்காடு மலையில் நாகலூரில் மாமாவுக்கு இரண்டு ஏக்கர் காபித் தோட்டம் இருக்கிறது. பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரம். திரும்பும்போது ஒரு பை கமலா ஆரஞ்சும், போன வருடக் காபிக்கொட்டை அரைக் கிலோவும் கொடுத்தார்கள். பேருந்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி முடிக்கும் வரை மடியில் அந்தப் பையின் வாசனை. ரொம்ப நாளாக மனதில் இருந்த வேலையை இதை வைத்தே தொடங்கிவிடலாம் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். விஸ்கி மாதிரி ருசிக்கிற ஒரு லிக்கரை, அதாவது இனிப்பும் வாசனையும் சேர்த்த மதுவை, ஓட்காவில் ஊறவைத்து வீட்டிலேயே செய்து பார்க்க வேண்டும்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் எதையும் காய்ச்சி வடிக்கவில்லை. அது குற்றம். 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜியின் அரசு மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தியது எங்கள் சேலம் மாவட்டத்தில்தான். அந்த ஆண்டில் வந்த சட்டத்தின் கீழ்தான் இன்றும் தமிழ்நாட்டில் மது விஷயங்கள் நடக்கின்றன. நான் செய்வது, டாஸ்மாக்கில் சீல் உடையாமல் வாங்கிய ஓட்காவில் பழத்தோலும் பட்டையும் ஊறவைப்பது மட்டும். வீட்டில் நானும் எப்போதாவது மாமாவும் குடிக்கும் அளவுக்குத்தான் செய்கிறேன். விற்பது என்ற பேச்சே கிடையாது.

ஸ்பிரிட் என்று கேனில் யார் எதைக் கொடுத்தாலும், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் இறந்தார்கள். பலரைச் சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் கொண்டுவந்தார்கள். அந்த வாரம் அந்த வழியாகத்தான் நான் வேலைக்குப் போய்வந்தேன். வெளியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்த பெண்களின் முகம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. மெத்தனாலைக் கண்ணாலோ மூக்காலோ நாம் பிரித்தறிய முடியாது. உடம்புக்குள் போனால் அது ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத்தான் முதலில் கெடுக்கும்.

ஜனவரி கடைசி

முதல் ஜாடி வீண். ஒரு முழு பாட்டில் ஓட்காவில் ஆரஞ்சுத் தோல், ஆறு கிராம்பு, பட்டை, ஏலக்காய், உடைத்த காபிக்கொட்டை எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டு ஒரு வாரம் வைத்திருந்தேன். திறந்தால் கிராம்புத் தைலம். ஆரஞ்சு எங்கே, காபி எங்கே என்று தேட வேண்டியிருந்தது. அடிநாக்கில் கசப்பு வேறு.

யோசித்துப் பார்த்தால் காரணம் புரிகிறது. கிராம்பில் இருக்கும் யூஜெனால் என்ற வாசனை எண்ணெய் ஆல்கஹாலில் சட்டென்று இறங்கிவிடும், அதற்கு ஒரு ராத்திரி போதும். ஆரஞ்சுத் தோல் முழுசாக இறங்க ஒரு வாரம் வேண்டும். காபிக்கொட்டை ஒரு நாள் தாண்டினாலே கசப்பை விட ஆரம்பிக்கும். இவை எல்லாவற்றையும் ஒரே ஜாடியில் பூட்டிவைத்தால் முதலில் இறங்கினது மற்றதை அமுக்கிவிடும், கடைசியில் இறங்க வேண்டியது இறங்குவதற்குள் நடுவில் இருப்பது கசந்துவிடும்.

சரி, தனித்தனியாக ஊறவைத்துக் கடைசியில் கலப்போம் என்று தீர்மானித்தேன். சமையலில் நாம் செய்வதும் அதுதானே. பருப்பையும் தாளிப்பையும் ஒரே நேரத்தில் அடுப்பில் ஏற்றுவதில்லை.

பிப்ரவரி

லீ பஜாரில் மளிகை வாங்கப் போனபோது சுருள் பட்டை கேட்டு வாங்கினேன். சாதாரணமாகக் கிடைக்கும் தடித்த பட்டையில் கூமரின் என்ற பொருள் அதிகம், அது கல்லீரலுக்கு நல்லதில்லை. சுருள் பட்டை காகிதம் போல அடுக்கடுக்காகச் சுருண்டு இருக்கும், விரலால் நசுக்கினால் நொறுங்கும். விலை கூடுதல்தான். ஆனால் நமக்கு வேண்டியது ஒரு விரல் நீளம்.

சின்னக் கண்ணாடி ஊறுகாய் பாட்டில்கள் ஐந்து. பிளாஸ்டிக்கில் இதையெல்லாம் வைக்கவே கூடாது. ஒவ்வொன்றிலும் 100 மில்லி ஓட்கா. மூடியில் காகிதம் ஒட்டித் தேதி எழுதினேன். கிராம்பு ஒன்றே ஒன்று, மறுநாள் காலையில் எடுத்துவிட்டேன். பட்டை மூன்று நாள். ஏலக்காய் இரண்டு நாள். காபிக்கொட்டையை நானே வாணலியில் வறுத்தேன். பொடியாக்காமல் அம்மிக் குழவியால் தட்டி இரண்டாக மூன்றாக உடைத்தேன். பொடித்தால் வடிகட்டுவதற்குள் உயிர் போய்விடும். சரியாக 24 மணி நேரம்.

ஆரஞ்சுத் தோலுக்குத்தான் நேரம் எடுத்தது. ஏற்காட்டு ஆரஞ்சின் தோல் தளர்வானது, கையாலேயே கழன்றுவிடும். ஆனால் அப்படிக் கழற்றினால் உள்பக்க வெள்ளையும் கூடவே வரும், கசப்பு முழுக்க அதில்தான் இருக்கிறது. தோலைப் பலகையில் கவிழ்த்துப் போட்டு, கத்தியைப் படுக்கவைத்து வெள்ளையைச் சீவி எடுத்தேன். வெளிச்சத்துக்குப் பிடித்தால் சின்னச் சின்னப் புள்ளியாக எண்ணெய்ப் பைகள் தெரிய வேண்டும், அந்த அளவு மெல்லிசாக வரவேண்டும். வளைத்தால் விரலில் எண்ணெய் பீச்சியடித்தது. ஆறு பழத்துக்கு ஒரு மணி நேரம் ஆனது. எட்டு நாள் ஊறினதும் எலுமிச்சை மஞ்சளில் ஒரு திரவம் கிடைத்தது. மூடியைத் திறந்தால் அந்தப் பேருந்துப் பயணம் அப்படியே திரும்ப வந்தது.

மார்ச்

வாசனைகள் தயார். ஆனால் விஸ்கி எங்கே? விஸ்கியின் நிறமும் பாதிக்கு மேற்பட்ட ருசியும் மரத்திலிருந்து வருவது. வடித்தெடுத்த நேரத்தில் அது தண்ணீர் மாதிரிதான் இருக்கும். ஸ்காட்ச் என்று பெயர் போட வேண்டுமானால் ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் கிடக்க வேண்டும். பீப்பாயின் உள்பக்கத்தைத் தீயில் வாட்டும்போது மரத்தில் இருக்கும் லிக்னின் என்ற பொருள் உடைந்து வனிலா வாசனை தரும் வனிலின் உண்டாகிறது, ஹெமிசெல்லுலோஸ் என்ற இன்னொரு பொருள் கருகி வெல்லப்பாகு வாசனை தருகிறது.

மாமா தோட்டத்தில் காபிக்கு நிழலாகவும் மிளகுக் கொடி ஏறவும் வரிசையாக நிற்பது சில்வர் ஓக். பெயரிலேயே ஓக் இருக்கிறதே என்று எனக்கு ஆசை. பிரேசிலில் கரும்புச் சாராயத்தை உள்ளூர் மரப் பீப்பாயிலும் வைப்பார்கள் என்பது வேறு மனதில் ஓடியது. மாமாவுக்குப் போன் போட்டேன்.

"பேர்லதான் ஓக்கு மாப்ள. அறுக்குறப்ப தூள் பட்டா ஆளுங்களுக்குக் கையெல்லாம் தடிச்சு அரிக்கும். அதையா குடிக்கப் போற?"

அதற்கப்புறம் தேடிப் படித்தேன். சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த கிரெவில்லியா இனம், விஸ்கி பீப்பாய் ஓக்கான குவெர்கஸுக்கும் அதற்கும் உறவே கிடையாது. அதில் உள்ள ஒரு பொருள் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கக்கூடியது. மலையில் எங்கு பார்த்தாலும் நிற்கிற மரம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். ஏற்காடு, கொல்லிமலைப் பக்கம் யாராவது இந்த யோசனையில் இருந்தால் விட்டுவிடுங்கள். ஒயின் செய்பவர்களுக்காக விற்கும் அமெரிக்க ஓக் சில்லுகளை ஆன்லைனில் வாங்கிக்கொண்டேன்.

ஏப்ரல், சித்திரை முதல் வாரம்

சில்லுகளை அலுமினியத் தாளில் பொதிந்து ஓடிஜி அவனில் 190 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்தேன். முதல் கால் மணி நேரம் வெறும் மரக்கடை வாசனைதான். அப்புறம் வறுத்த அரிசி. முடியப்போகும் நேரத்தில் தேங்காயும் வெல்லமும் சேர்ந்த மாதிரி ஒன்று வீடு முழுக்க. "என்ன, போளியா?" என்று மனைவி ஹாலிலிருந்து கேட்டாள். ஆறினதும் ஒருமுறை வெந்நீரில் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டினேன். பச்சைத் துவர்ப்பு கொஞ்சம் போய்விடும்.

ஒரு விஷயத்தைச் சோதித்துப் பார்க்க ஆசையாக இருந்தது. ஸ்காட்லாந்துப் பீப்பாயில் வருடத்துக்கு 2 சதவீதம் போல விஸ்கி ஆவியாகும். பெங்களூரில் அது 10 சதவீதத்துக்கும் மேல். வெயிலுக்கு மரம் வேகமாக வேலை செய்கிறது, அதனால்தான் அங்கே நாலைந்து வருடத்திலேயே விஸ்கி முதிர்ந்துவிடுகிறது. அப்படியானால் ஒரே மாவட்டத்தில், மலை மேலும் கீழும் என்ன ஆகும்?

ஒரே பிராண்டு ஓட்கா, 42.8 சதவீதம். இரண்டு ஜாடி, ஒவ்வொன்றிலும் 750 மில்லி, 5 கிராம் சில்லு. ஒன்று சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மாடிப்படி அடியில். மற்றது நாகலூரில் மாமாவின் சாமான் அறையில். சீல் உடைக்காத பாட்டிலையும் சில்லையும் மேலே எடுத்துப்போய் அங்கேயே போட்டேன். இரண்டும் பூட்டுக்குள். மாமா வீட்டில் பேரக் குழந்தைகள் உண்டு.

மே

சேலத்தில் 40 டிகிரி தொட்ட நாட்கள். எங்கள் ஜாடி ஐந்தாம் நாளே தேன் நிறம். இரண்டாம் வாரம் டீ டிகாஷன். பதினாறாம் நாள் ஒரு ஸ்பூன் எடுத்துத் தண்ணீர் கலந்து ருசித்தேன். வனிலா இருக்கிறது, ஆனால் நாக்கு ஓரத்தில் கடுக்காய் கடித்தது போலத் துவர்ப்பு ஏறுகிறது. அன்றே சில்லை வடித்துவிட்டேன். ஒரு வாரம் முன்னாடியே வடித்திருக்க வேண்டும்.

கோடை விழாக் கூட்டம் ஓய்ந்த பிறகு ஏற்காடு போனேன். ஆறு வாரம் ஆகியிருந்தது. மாமா ஜாடியை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். இளம் தேன் நிறம், அவ்வளவுதான். எனக்கு முதலில் ஏமாற்றம். ருசித்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. துவர்ப்பு மெல்லிசாக, பின்னால்தான் வந்தது. முதலில் வந்தது தேங்காய் மாதிரி ஒரு வழவழப்பு. அது ஓக்கில் இருக்கும் லாக்டோன் என்ற வாசனைப் பொருளின் குணம். வெயில் நிறத்தைக் கொடுத்தது, குளிர் ருசியைக் கொடுத்தது என்றுதான் நான் குறித்துவைத்திருக்கிறேன். இரண்டு ஜாடியை வைத்து இதற்கு மேல் சொல்ல முடியாது. இரண்டிலுமே பல வருடப் பீப்பாயின் ஆழம் இல்லை. காற்று மெதுவாக உள்ளே போய்ச் செய்யும் வேலையைச் சில்லு செய்யாது.

ஜூன் முதல் வாரம்

இனிப்புக்குச் செவ்வாய்ப்பேட்டை வெல்ல மண்டியில் கறுத்த வெல்லமாகப் பார்த்து வாங்கினேன். பளிச்சென்று மஞ்சளாக இருப்பதில் வெளுக்க ஏதாவது சேர்த்திருப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. 200 கிராம் வெல்லம், 200 மில்லி தண்ணீர், 300 மில்லியாக வற்றும் வரை காய்ச்சி, வேட்டித் துணியில் வடித்து, முழுக்க ஆறவிட்டேன். சூடான பாகில் ஓட்காவை ஊற்றக் கூடாது, ஆவி கிளம்பும். எரிகிற அடுப்புப் பக்கமே அந்தப் பாட்டில் வரக் கூடாது.

பல தடவை சின்ன டம்ளரில் கலந்து பார்த்துவிட்டுக் கடைசியில் பிடித்த கணக்கு இது: ஏற்காட்டு ஜாடியிலிருந்து 400 மில்லி, சேலத்து ஜாடியிலிருந்து நிறத்துக்காக 100, ஆரஞ்சு 60, காபி 30, கிராம்பும் பட்டையும் சேர்ந்து 5 மில்லி, பாகு 150. ஏலக்காயை விட்டுவிட்டேன், பாயச ஞாபகம் வந்துவிடுகிறது. மொத்தம் 745 மில்லி, ஆல்கஹால் சுமார் 34 சதவீதம்.

பாகு விழுந்ததும் கலங்கிவிட்டது. ஆல்கஹால் குறையும்போது ஆரஞ்சு எண்ணெய் கரைசலிலிருந்து பிரிந்து மிதப்பதும் ஒரு காரணம், வெல்லத்தின் கசடும் ஒரு காரணம். பத்து நாள் அசைக்காமல் வைத்து மேலாக இறுத்தேன். பளிங்காக ஆகவில்லை, லேசான மங்கல் இருக்கிறது. எனக்கு அது உறுத்தவில்லை.

ஜூன் கடைசி ஞாயிறு

நாகலூரில் மழைத் தூறல். ஆளுக்கு 30 மில்லி, பக்கத்தில் தண்ணீர். மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம், "ஆரஞ்சு முன்னாடி வருது மாப்ள, காபி போறப்ப வருது. மரம் எங்கன்னு தேடிக்கிட்டே இருந்தேன், முழுங்கின பிறகு மூக்குல இருக்கு" என்றார்.

மீதியைச் சின்ன பாட்டிலில் ஊற்றித் தேதி போட்டு அவர் அலமாரியிலேயே வைத்துப் பூட்டினேன். மார்கழியில் புது ஆரஞ்சு வரும்போது திறக்கலாம் என்று பேச்சு. அடுத்த ஜாடிக்குச் சில்லு 3 கிராம், முழுக்க மலை மேல், மூன்று மாதம்.