பத்து வயதுப் பிள்ளைக்கு ஸ்டாட்டின் ஆரம்பித்த கதை

மகள் ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரையான ரோசுவாஸ்டாட்டின் 5 மி.கி. சாப்பிட ஆரம்பித்து ஒரு வருடம் ஆகப்போகிறது. கொடுக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தபோது தமிழில் தேடினால் பூண்டு, வெந்தயம், கொள்ளு ரசம் என்றுதான் வந்ததே தவிர, பிள்ளைக்கு மாத்திரை கொடுத்தவர்கள் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வீட்டுக்காரருக்கு 37 வயதில் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். சிகரெட் கிடையாது, சர்க்கரை கிடையாது, ஆளும் ஒல்லி. ரவுண்ட்ஸ் வந்த இதய டாக்டர் அவருடைய குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது எத்தனை வருஷமா இப்படித் தடிப்பா இருக்கு?" என்று கேட்டார். செருப்பு உரசி உரசித் தடித்தது என்று நினைத்திருந்தோம். கொழுப்பு படிந்த தடிப்பாம். மாமனாரும் 42 வயதில் தூக்கத்திலேயே போனவர் என்று சொன்னதும், "பிள்ளைங்க ரெண்டு பேருக்கும் லிப்பிட் ப்ரொஃபைல் எடுத்துடுங்க" என்றார்.

மகளுக்கு எல்டிஎல், அதாவது கெட்ட கொழுப்பு, 228. சின்னவனுக்கு 90. பரம்பரையாக வரும் அதிகக் கொழுப்பு நோய் இது (familial hypercholesterolemia). அப்பா, அம்மாவில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. எல்டிஎல்லை ரத்தத்திலிருந்து உள்ளே இழுத்துக்கொள்ள வேண்டிய ஏற்பிகள் கல்லீரலில் பிறவியிலேயே சரியாக வேலை செய்யாததுதான் பெரும்பாலும் காரணம், சுமார் 250 பேரில் ஒருவருக்கு இது உண்டு. இன்னொன்று, லேப் ரிப்போர்ட்டில் பக்கத்தில் அச்சடித்திருந்த நார்மல் அளவு பெரியவர்களுக்கானது. பிள்ளைகளுக்கு எல்டிஎல் 110-க்குக் கீழே இருக்க வேண்டும், 130-ஐத் தொட்டாலே அதிகம் என்று குழந்தை டாக்டர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அவர் எடுத்த எடுப்பில் மாத்திரை எழுதவில்லை. இன்னொரு முறை ரத்தம் எடுத்தார், தைராய்டு, சிறுநீரகக் கோளாறால் ஏறவில்லை என்று உறுதி செய்துகொண்டார், சில மாதம் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கச் சொன்னார். நெய், பேக்கரி ஐட்டம், பொரித்தது எல்லாம் குறைத்தோம். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கிற பிள்ளை. 228 போய் 213 வந்தது, அவ்வளவுதான். மரபணு டெஸ்ட் அவசியமா என்று கேட்டதற்கு, அப்பாவின் கதையும் இந்த நம்பரும் போதும், செலவு செய்ய வேண்டாம் என்றார்.

வீட்டில்தான் போராட்டம். "பொம்பளப் பிள்ளைக்கு இந்த வயசுல மாத்திரையா, நாளைக்குக் கல்யாணம்னா என்ன சொல்லுவீங்க?" என்று அத்தை சாப்பிடாமல் உட்கார்ந்துவிட்டார். புருஷனை அப்படிப் பறிகொடுத்தவர், மகனை ஐசியூவில் பார்த்தவர், அவரே இப்படிச் சொன்னது எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த தடவை அவரையும் கூட்டிக்கொண்டே போனேன். டாக்டர் நெதர்லாந்து ஆய்வு ஒன்றை எடுத்துச் சொன்னார். சிறு வயதிலேயே ஸ்டாட்டின் ஆரம்பித்த 214 பிள்ளைகளில் பெரும்பாலோரை 20 வருடம் கழித்துப் பார்த்திருக்கிறார்கள், 2019-இல் வெளியானது. 39 வயதுக்குள் இதயப் பிரச்சினை வந்தது அவர்களில் 1 சதவீதம் பேருக்கு. அதே நோய் இருந்த அவர்களுடைய பெற்றோரில் அதே வயதுக்குள் 26 சதவீதம் பேருக்கு வந்திருந்தது. வளர்த்தியும் வயதுக்கு வருவதும் இதனால் தள்ளிப்போவதாக ஆய்வுகளில் தெரியவில்லை, பின்னால் குழந்தை பெற்றுக்கொள்ள நினைக்கும்போது மட்டும் முன்கூட்டியே டாக்டரிடம் பேசி நிறுத்த வேண்டியிருக்கும், அதை அவளுக்கே விவரம் தெரியும் வயதில் சொல்லிவையுங்கள் என்றார். அத்தை ஒன்றும் பேசவில்லை, ஆனால் அப்புறம் மறுக்கவும் இல்லை.

ஆரம்பிக்கும் முன் கல்லீரல் டெஸ்ட், சிகே என்கிற தசை டெஸ்ட், கொஞ்ச வாரம் கழித்துத் திரும்பவும். மருந்துக் கடையில் சீட்டைப் பார்த்துவிட்டு, "வயசு தப்பாப் போட்டுட்டாங்களா?" என்று கேட்டார்கள். 8 வயதிலிருந்தே கொடுக்கலாம் என்று அமெரிக்காவில் அனுமதி இருக்கிற மருந்துதான் இது.

பயந்தது ஒரே ஒரு தடவை. ஸ்போர்ட்ஸ் டேக்கு ஓடிப் பழகிய வாரத்தில் தொடை வலிக்கிறது என்று அழுதாள். உடனே ரத்தம் எடுக்க ஓடப் பார்த்தேன், ஓடியாடினாலே சிகே ஏறிவிடும், ரெண்டு மூணு நாள் ஓய்வு கொடுத்து எடுங்கள், அதுவரை சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறதா என்று மட்டும் கவனியுங்கள் என்றார்கள். அப்படி எதுவும் இல்லை, நார்மல்தான் வந்தது, வலியும் அதற்குள் போய்விட்டது.

மாத்திரை விலை பெரிய சுமையில்லை, டெஸ்ட்டுக்குத்தான் காசு போகிறது. ராத்திரி பல் தேய்த்ததும் அவளே போட்டுக்கொள்கிறாள். "அப்பா மாத்திரை பெருசு, என்னுது சின்னது" என்று தம்பியிடம் பெருமை வேறு. கடைசியாக எடுத்ததில் எல்டிஎல் 141. 130-க்குக் கீழே கொண்டுவர வேண்டுமாம், 10 மி.கி. ஆக்குவதா என்று அடுத்த ரிவ்யூவில் முடிவு செய்வார்கள். வீட்டுக்காரரின் தங்கைக்கும் அவள் பிள்ளைகளுக்கும் எடுக்கச் சொல்லி இன்னும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன்.