அன்பு இல்

நேற்று இரவு ஒன்பது மணிக்கு ஓடவிட்ட சிஎன்சி ரூட்டர் (கம்ப்யூட்டர் சொல்படி மரம் செதுக்கும் மெஷின்) இன்று காலை ஆறு மணிக்கும் ஓடிக்கொண்டிருந்தது. பிட் (செதுக்கும் அலகு) மாட்டவில்லை, வெறும் காற்றில்தான். ஆனாலும் ஒன்பது மணி நேரத்தில் பிசிக்கும் மெஷினின் கன்ட்ரோல் போர்டுக்கும் இடையே போகும் தகவல் பாக்கெட் ஒன்றுகூடத் தவறவில்லை. மூன்று வாரமாக உயிரை வாங்கிய ‘எரர் ஃபினிஷிங் ரீட்’, அதாவது போர்டின் பதில் நேரத்துக்கு வரவில்லை என்ற எரர், எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அந்தச் சந்தோஷத்தில் எழுதுகிறேன்.

என்னுடையது லினக்ஸ்சிஎன்சி (மெஷினை ஓட்டும் மென்பொருள்), டெபியன் 12 லினக்ஸ், நேரம் தவறாமல் வேலை செய்வதற்கான ஆர்டி (ரியல்டைம்) கெர்னல், நெட்வொர்க் கேபிளில் பிசியோடு பேசும் மேசா 7ஐ96எஸ் போர்டு, ஐ5-6500 போட்ட பழைய ஆபீஸ் பிசி. செர்வோ த்ரெட் 1 மில்லி நொடி, அதாவது மில்லி நொடிக்கு ஒருமுறை பிசி போர்டோடு பேசியாக வேண்டும். சிபியு கோர்களை இதற்கென ஒதுக்கும் ஐசால்சிபியுஸ், பயாஸில் சிபியுவைத் தூங்கவிடும் சி-ஸ்டேட் எல்லாம் முன்பே பார்த்தாகிவிட்டது. பிசி எவ்வளவு தாமதிக்கிறது என்று பார்க்கும் லேட்டன்சி டெஸ்ட்டும் நன்றாகத்தான் இருந்தது. அந்த டெஸ்ட் நெட்வொர்க் கார்டைத் தொடவே தொடாது என்பது அப்போது உறைக்கவில்லை.

வினை தொடங்கியது அக்கா வீட்டுப் பெயர்ப்பலகையில். தேக்கு. ‘அன்பு இல்லம்’ என்று செதுக்க வேண்டும். ‘அன்பு இல்’ வரை அழகாக வந்தது. அதோடு நின்றது. அக்கா வந்து பார்த்துவிட்டு, “ஏண்டா, என் வீட்டுல அன்பு இல்லைன்னு மரத்துலயே எழுதிட்டியா?” என்றாள். இல் என்றால் வீடு என்றும் பொருள் என்று சமாளித்துப் பார்த்தேன். எடுபடவில்லை.

யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது நாய்ஸ், அதாவது மோட்டார் வயர்களிலிருந்து வரும் மின் இரைச்சல். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணன், “எர்த்த பாரு தம்பி” என்றார். பார்த்தேன். ஷீல்டு போட்ட கேபிள் வாங்கினேன், விஎஃப்டி (ஸ்பிண்டில் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) வயரைத் தள்ளி இழுத்தேன், இரைச்சலை அடக்கும் ஃபெரைட் மாட்டினேன். ஆயிரத்துச் சொச்சம் செலவு. பிறகு ஒருநாள் ஸ்பிண்டில், ஸ்டெப்பர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு போர்டுக்கு மட்டும் கரண்ட் கொடுத்து ஓட்டினேன். இருபதாவது நிமிடம் அதே எரர். நாய்ஸ் போட ஆளே இல்லாத இடத்தில் நாய்ஸ் எங்கிருந்து வரும்? இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அப்புறம்தான் லினக்ஸ்சிஎன்சியின் உள் எண்களைக் காட்டும் ஹால் ஷோவைத் திறந்து, போர்டின் பதிலைப் படிக்கும் ரீட் ஃபங்ஷனின் டிமேக்ஸை (எடுத்துக்கொண்ட அதிகபட்ச நேரத்தை) பார்க்க ஆரம்பித்தேன். இதில் எல்லோரும் ஒரு முறையாவது வழுக்குவார்கள் என்று நினைக்கிறேன்: அது நானோ நொடி இல்லை, சிபியு கிளாக் எண்ணிக்கை. என் பிசி 3.2 கிகாஹெர்ட்ஸ், அதனால் 1 மில்லி நொடி என்பது 32 லட்சம். ரீட் டைம்அவுட் (பதிலுக்குக் காத்திருக்கும் வரம்பு) டிஃபால்ட்டாக அதில் 80 சதவீதம், அதாவது சுமார் 25.6 லட்சம். என் டிமேக்ஸ் அந்தச் சுவரில் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஒரு பாக்கெட் தாமதமானால் எரர் லெவல் 2 ஏறும், ஒழுங்காக வந்தால் 1 இறங்கும், 10 தொட்டால் மெஷின் நிற்கும். ஆக, ஒன்றிரண்டு தவறுவதை அது பொறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. கொத்தாக வரும்போதுதான் நின்றிருக்கிறது. டைம்அவுட்டையும் லிமிட்டையும் ஏற்றிவிடு, எரர் வராது என்று ஒரு நண்பர் யோசனை சொன்னார். காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி.

பிசியின் மதர்போர்டிலேயே இருந்த நெட்வொர்க் சிப்புக்கு கெர்னல் தானாக எடுத்துக்கொள்வது ஆர்8169 டிரைவர். ஆர்டி கெர்னலில் அதோடு மல்லுக்கட்டியவர்கள் நிறைய. மருந்தும் தெரிந்ததுதான், ஆர்8168-டிகேஎம்எஸ் என்ற மாற்று டிரைவர் பேக்கேஜ். போட்டேன், ரீபூட் செய்தேன், அதே எரர். சரி, டிரைவர் காரணமில்லை என்று முடிவுகட்டி மறுபடி கேபிள் பக்கம் போனேன். ஒரு வாரம் போச்சு.

உண்மையில் புது டிரைவர் ஏறவே இல்லை! எந்த கார்டை எந்த டிரைவர் ஓட்டுகிறது என்று காட்டும் எல்எஸ்பிசிஐ கமாண்டை மைனஸ் கே போட்டுப் பார்த்தால் ‘கெர்னல் டிரைவர் இன் யூஸ்’ என்ற வரியில் ஆர்8169 ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. டிரைவரைக் கட்ட அந்தந்த கெர்னலின் ஹெடர் ஃபைல்கள் வேண்டும்; என்னிடம் இருந்தது சாதாரண கெர்னலின் ஹெடர்கள்தான். கெர்னலுக்கு ஏற்ப டிரைவரைக் கட்டித்தரும் டிகேஎம்எஸ் அதற்கு மட்டும் டிரைவர் மாட்யூலைக் கட்டிவிட்டு ஆர்டியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது. ஆர்டி ஹெடர் பேக்கேஜைப் போட்டு மறுபடி கட்டினேன். இப்போது மாட்யூல் இருக்கிறது, ஏற்றினால் ‘கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்’. செக்யூர் பூட். தான் நம்பும் கையெழுத்து இல்லாத மாட்யூலை உள்ளே விடாது. பட்டறை பிசிக்கு எதற்குப் பூட்டு என்று பயாஸில் அணைத்துவிட்டேன். பழையதை பிளாக்லிஸ்டில் போட்டு, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸையும் புதுப்பித்தேன். அந்தக் கடைசி வேலையை மறந்தால் பழைய டிரைவர் பூட்டின்போதே முந்திக்கொள்ளும்.

டிமேக்ஸ் 9 லட்சத்துக்கு இறங்கியது. கொண்டாட்டம்தான். ஆனால் கூடவே பிரவுசரைத் திறந்தால் 17 லட்சம். ஓடும், ஆனால் தேக்குப் பலகையை வைத்துவிட்டு டீ குடிக்கப் போக மனசு வராது.

அதனால் இன்டெல் ஐ210 நெட்வொர்க் கார்டு ஒன்று. சென்னை போனபோது ரிச்சி ஸ்ட்ரீட்டில் தேடினேன். ஒரு கடையில் ஸ்டிக்கரில் ஐ210 என்று இருந்த கார்டு, வீட்டில் மாட்டினால் 82574எல் என்றது. சிப் ஒன்றும் மோசமில்லை, சொன்ன பொய்தான் மோசம். திருப்பி அனுப்பிவிட்டு வேறிடத்தில் வாங்கினேன். வாங்குபவர்கள் லேப்டாப் பையில் ஸ்க்ரூடிரைவரோடு ஒரு சின்ன பிசியையும் தூக்கிப்போங்கள். பாதி விளையாட்டாகத்தான் சொல்கிறேன். கார்டைச் செருகியதும் பழைய போர்ட்டின் பெயர் மாறி ஐபி எல்லாம் இடம் மாறி ஒரு சாயங்காலம் போனது தனிக்கதை.

புது கார்டில் முதலில் 7 லட்சம். இவ்வளவுதானா என்று நெட்வொர்க் கார்டின் அமைப்புகளைக் காட்டும் ஈத்டூலில் கோயலெசிங்கை, அதாவது பாக்கெட் வந்ததைச் சொல்ல கார்டு எவ்வளவு காத்திருக்கிறது என்பதைப் பார்த்தேன். ஆர்எக்ஸ் யூசெக்ஸ் 3 என்றது. 3 மைக்ரோ நொடிதானே, போகட்டும் என்று விட்டுவிடாதீர்கள். இந்த கார்டின் ஐஜிபி டிரைவரில் 3 என்பது அளவே இல்லை. போக்குவரத்தைப் பார்த்து இன்டரப்ட்டை (சிபியுவைக் கூப்பிடும் சிக்னலை) எவ்வளவு தள்ளிப்போடலாம் என்று கார்டின் போக்கிலேயே விட்டுவிடும் மோட். சர்வருக்கு நல்லது. மில்லி நொடிக்கு ஒரு பதிலுக்காக வாசலில் நிற்கும் நமக்கு ஆகாது. 0 ஆக்கினேன். 3.6 லட்சம்! சுமார் 112 மைக்ரோ நொடி. பிரவுசர், வீடியோ, ஃபைல் காப்பி எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டியும் 4 லட்சத்தைத் தாண்டவில்லை. ரீபூட்டில் போய்விடும் என்பதால் இன்டர்ஃபேசஸ் ஃபைலில் அந்த வரியைச் சேர்த்துவிட்டேன்.

டெபியன் 13-க்கு மாறலாமா என்று கை அரிக்கிறது. அதில் 6.12 கெர்னல், ஆர்டி பேட்ச் மெயின்லைனிலேயே, அதாவது மூல லினக்ஸ் கெர்னலிலேயே சேர்ந்த பதிப்பு. நெட்வொர்க் கேபிள் வழியே கட்டளை வாங்கும் ஈதர்கேட் செர்வோ மோட்டார் இரண்டு வாங்கும் ஆசையும் இருக்கிறது. ஐஜிபி கார்டு கையில் இருக்கும்போது அவற்றை ஓட்டும் ஐஜிஹெச் மாஸ்டர் மென்பொருளைப் போட்டுப் பார்க்காமல் எப்படி? இசட் அச்சில் பேக்லாஷ் (திசை மாறும்போது வரும் தளர்வு) பாக்கி இருப்பதை வீட்டில் யாரும் நினைவுபடுத்தாதவரை நானும் பேசப்போவதில்லை.

புதுத் தேக்குப் பலகை மர டிப்போவில் இழைப்புக்குக் கிடக்கிறது, புதன்கிழமை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். பழைய பலகையை அக்கா தூக்கிப் போடவில்லை. மாமா சண்டை போடும் நாட்களில் ஹாலில் மாட்டப்போகிறாளாம்.