லைன் போனதை நிரூபிக்க நான் பட்ட பாடு

சாயங்காலம் ஏழு மணி ஆனால் வீட்டு பிராட்பேண்ட் இரண்டு மூன்று நிமிடம் படுத்துவிடும். கஸ்டமர் கேருக்குப் போன் போட்டு ஆள் கிடைப்பதற்குள் எழுந்தும் விடும். "எங்க சைடுல எல்லாம் கிளியரா இருக்கு சார், ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க." இதையே எத்தனை தடவை கேட்பது? சாட்சியோடு பேசலாம் என்று, சும்மா கிடந்த ராஸ்ப்பெரி பை என்ற குட்டிக் கணினியில் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (கட்டளைகளை வரிசையாக எழுதிய ஃபைல்) எழுதினேன். நிமிடத்துக்கு ஒரு பிங், அதாவது 'இருக்கியா?' என்று ஒரு குட்டிச் செய்தி, கூகுளின் சர்வரான 8.8.8.8-க்கு. பதில் வந்தால் 'ஓகே', வராவிட்டால் 'போச்சு' என்று லாகில், அதாவது பதிவு ஃபைலில், ஒரு வரி. அரை மணி நேர வேலை.

மூன்று நாள் ஓடியது. லாக் முழுக்க 'ஓகே'. மகளின் ஆன்லைன் வகுப்பு அறுந்து, அவள் அறையிலிருந்து கத்திய அதே நிமிடத்துக்கும் 'ஓகே'!

லாகில் பிங்கின் கடைசி வரி மட்டும் போதுமென்று பைப் போட்டு (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்குக் கொடுக்கும் குறி), கடைசி வரிகளை மட்டும் காட்டும் டெய்ல் கட்டளைக்கு அனுப்பியிருந்தேன். அடுத்த வரியில் நான் பார்த்த $? (முந்தைய கட்டளை ஜெயித்ததா என்று சொல்லும் எண்; 0 என்றால் வெற்றி) பிங்குடையது இல்லை, டெய்லுடையது. நெட் இருந்தால் என்ன, செத்தால் என்ன, டெய்ல் 0 தான் சொல்லும். சரி, பைப்பில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லும் பைப்ஃபெயில் போடுவோம் என்றால் அப்படி ஒரு ஆப்ஷனே இல்லை என்றது ஷெல், அதாவது கட்டளைகளை ஓட்டும் புரோகிராம். ஸ்கிரிப்டின் முதல் வரியில், எந்த ஷெல் வேண்டும் என்று சொல்லும் இடத்தில், பாஷ் என்று எழுதாமல் வெறும் எஸ்ஹெச் என்று எழுதியிருந்தேன். என் ராஸ்ப்பெரி பையில் அது டாஷ் என்ற எளிய ஷெல்; அதற்குப் பைப்ஃபெயில் தெரியவில்லை. கடைசியில் பைப்பையே தூக்கிவிட்டு, பிங்கை நேராக இஃப் (if) நிபந்தனைக்குள் வைத்தேன். முதல் நாளே கேபிளைப் பிடுங்கிப் பார்த்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது.

அடுத்தது க்ரான், குறித்த நேரத்தில் கட்டளையை ஓட்டும் புரோகிராம். கையால் ஓட்டினால் ஓடுகிறது, க்ரானில் போட்டால் மூச்சே இல்லை. லாக் ஃபைலுக்குத் தேதியைப் பெயராக வைக்க, க்ரானின் அட்டவணையான க்ரான்டேப் வரியிலேயே டேட் கட்டளையை % குறியோடு எழுதியிருந்தேன். க்ரானுக்கு % வந்தால் கட்டளை அதோடு முடிந்தது. அதைத் தாண்டியிருப்பதெல்லாம் இன்புட். %-க்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ் (\) வேண்டும். இந்தப் பிழையை என்னிடம் சொல்லவும் ஆளில்லை: க்ரான் அதை மெயிலில் அனுப்பப் பார்த்து, மெயில் சர்வர் இல்லையென்று தூக்கிப் போட்டிருக்கிறது. சிஸ்லாகில், அதாவது கணினியின் பொதுப் பதிவில், போய்த் தேடிக் கண்டுபிடித்தேன். தேதியை ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்துவிடுங்கள், நிம்மதி.

இன்னொன்று, வெளியே பிங் செய்யுமுன் ரவுட்டரைப் பிங் செய்யுங்கள். அதுவே பதில் சொல்லவில்லை என்றால் கோளாறு நம் வீட்டுக்குள். ஒரே ஒரு பிங் பாக்கெட்டை நம்பவும் வேண்டாம். நான் மூன்று அனுப்பி, மூன்றும் வராவிட்டால்தான் 'போச்சு' என்று எழுத வைத்தேன்.

ஒரு வாரத்தில் 23 'போச்சு'. அதில் 9 தடவை ரவுட்டரே பதில் சொல்லவில்லை. ராஸ்ப்பெரி பை வைஃபையில், அதுவும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருந்தது. அந்த மானக்கேட்டைக் கழித்துவிட்டு, மிச்சம் 14-ஐயும் தேதி, நேரத்தோடு படித்துக் காட்டினேன். மறுமுனையில் கொஞ்சம் மௌனம். "ஆள் அனுப்பறோம் சார்."

வந்த தம்பி ஃபைபர் முனையை வெட்டி, புது கனெக்டர் மாட்டினார். பத்து நிமிடம். லாகைக் காட்டினேன். "அட, இதெல்லாம் எதுக்கு சார், என் நம்பருக்கு ஒரு கால் பண்ணிருக்கலாமே?" என்றார்.