ஏசி, ஹீட்டர் தொழிலுக்குப் பார்ட்னர்ஷிப் பத்திரம் போட்ட கதை

கோயம்புத்தூரில் ஏசி வேலை, ஊட்டி, குன்னூர் ஓட்டல்களில் ஹீட் பம்ப் வெந்நீர் வேலை. இரண்டையும் எடுத்துச் செய்கிறோம் மூன்று பேர். நானும் எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணனும் வேலையில் நிற்கிறோம். அண்ணனின் மச்சினர் பணம் போட்டிருக்கிறார், குடோனும் அவருடையது. வெகுநாள் வாய்ப்பேச்சிலேயே ஓடியது. பெரிய கட்டட வேலைகள் கேட்டுப் போனபோது ஃபர்ம் பெயரில் பான், ஜிஎஸ்டி எல்லாம் கேட்டார்கள். பத்திரம் போட்டே ஆகவேண்டும் என்றானது.

"நமக்குள்ள எதுக்கு தம்பி பத்திரமெல்லாம்?" என்றார் அண்ணன். ஆடிட்டர்தான் அவருக்கு விளக்கினார். நாம் எழுதாவிட்டால் 1932ஆம் ஆண்டின் பங்குதாரர் சட்டம் சொல்வதுதான் செல்லும். லாபம், நஷ்டம் இரண்டும் சமபங்கு. உழைக்கிறவருக்குத் தனிச் சம்பளம் கிடையாது. சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் நிற்கிறவருக்கும் பணம் போட்டுவிட்டு வீட்டில் இருப்பவருக்கும் ஒரே கணக்கு. அதைக் கேட்டபிறகு அண்ணன் மறுபேச்சுப் பேசவில்லை.

பத்திர எழுத்தரிடம் வாங்கிய மாதிரிப் பத்திரம் ஜவுளிக்கடைக்கும் பொருந்தும், அரிசி மண்டிக்கும் பொருந்தும். எங்கள் தொழில் அதில் எங்குமே இல்லை. அதனால் போன வருஷத்து வேலை நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, "நம்மில் ஒருத்தர் அன்னைக்கு விலகியிருந்தா இது என்ன ஆகியிருக்கும்?" என்று கேட்டுக் கேட்டு எழுதினோம். பத்திரம் போடப்போகிற யாருக்கும் நான் சொல்வது இந்த ஒரு வழிதான்.

முதலில் சிக்கியது ஏஎம்சி பணம், அதாவது வருஷப் பராமரிப்பு ஒப்பந்தப் பணம். வருஷத்துக்கான மொத்தத் தொகையும் முன்பணமாக வந்துவிடும். சர்வீஸ் பாக்கி கிடக்கும். நடுவில் ஒருவர் கணக்கு முடித்துப் போனால், வங்கியில் இருப்பதைப் பார்த்துப் பங்கு பிரிப்பது தவறு. செய்யாத சர்வீஸுக்கான தொகையைக் கடனாகக் கழித்துவிட்டுத்தான் பங்கு என்று எழுதினோம். பின்னால் குறை வந்தால் என்று பில்டர்கள் பில் பணத்தில் ஒரு பகுதியைக் கொஞ்ச காலம் பிடித்து வைக்கும் ரிடென்ஷன் தொகைக்கும் இதே மாதிரி: அது கைக்கு வரும்போதுதான் விலகியவருக்குப் பங்கு, அதற்குள் அந்த வேலையில் குறை வந்தால் செலவிலும் பங்கு.

அடுத்தது வண்டியும் சாமானும். பங்குதாரர் தன் முதலீடாக உள்ளே கொண்டுவரும் பொருள் ஃபர்ம் சொத்தாகிவிடும் என்பது எங்களுக்குப் புதிய செய்தி. அண்ணனின் பிக்கப் வண்டி அவருடையதாகவே இருக்கும், ஃபர்ம் வாடகையும் டீசலும் கொடுக்கும் என்று தனியாக எழுதினோம். வேக்கம் பம்ப், கேஜ் செட், கேஸ் ரெகவரி மெஷின் மூன்றையும் இன்றைக்கு விற்றால் என்ன விலை போகுமோ அந்த விலைக்கு அவர் கணக்கில் முதலாக வரவு வைத்தோம்.

நிறைய நேரம் பிடித்தது ஒரு செல் நம்பர். நாங்கள் மாட்டிய ஒவ்வொரு இன்டோர் யூனிட்டின் ஓரத்திலும் ஸ்டிக்கர் இருக்கும். தண்ணீர் ஒழுகினால் வீட்டுக்காரர் அந்த நம்பரைத்தான் அழைப்பார், ஃபர்ம் பெயர் என்னவென்று யோசிக்கக்கூட மாட்டார். அது என் சொந்த நம்பர். இத்தனை வருஷ நல்ல பெயர் அதில்தான் இருக்கிறது என்பதால், அதை ஃபர்ம் பெயருக்கு மாற்றி, யார் விலகினாலும் தொழிலை நடத்துகிறவரிடமே நம்பர் இருக்கும் என்று எழுதச் சம்மதித்தேன். விலகுகிறவர் இந்தத் தொழிலே செய்யக்கூடாது என்று போடலாமா என்ற பேச்சும் வந்தது. கையில் தொழில் உள்ளவனின் பிழைப்பைத் தடுப்பது அநியாயம், நான் ஒப்புக்கொள்ளவில்லை. காலமும் இடமும் நியாயமான அளவில் இருந்தால்தான் அப்படிப்பட்ட கட்டுப்பாடு நிற்கும் என்று வக்கீலும் சொன்னார். கடைசியில், ஏஎம்சி நடப்பில் உள்ள வாடிக்கையாளர்களிடம் மட்டும் ஓராண்டுக்குப் போகக்கூடாது என்று முடிந்தது.

பங்குதாரர் இறந்தால் என்ன என்ற பிரிவை அண்ணிதான் விடாமல் கேட்டு எழுத வைத்தார். மூன்றாம் மாடிச் சுவருக்கு வெளியே தொங்கிக்கொண்டு அவுட்டோர் யூனிட் மாட்டுகிறவரின் மனைவி அவர். பத்திரத்தில் வேறுவிதமாகச் சொல்லாவிட்டால் ஒரு பங்குதாரர் இறந்ததும் ஃபர்மே கலைந்துவிடும். மீதி இருவரும் தொழிலைத் தொடரலாம், இறந்தவரின் பங்கு குடும்பத்துக்குத் தவணையில் போகவேண்டும், விபத்துக் காப்பீட்டுப் பிரீமியம் ஃபர்ம் கட்டவேண்டும் என்று எழுதினோம். "தவணை தவறினா வட்டி உண்டான்னு போட்டிருக்கா?" என்றார் அண்ணி. போட்டிருக்கவில்லை. அங்கேயே சேர்த்தோம்.

சம்பள விஷயம் ஆடிட்டர் பொறுப்பு. வேலை செய்யும் பங்குதாரர் யார், அவருக்கு எவ்வளவு என்று பத்திரத்தில் இருந்தால்தான் அந்தச் சம்பளத்தை வருமான வரிக் கணக்கில் செலவாகக் கழிக்கலாம். அதற்கும் வரம்பு உண்டு. போட்ட முதலுக்குக் கொடுக்கும் வட்டியையும் வருஷத்துக்கு 12 சதவீதம் வரைதான் அப்படிக் கழிக்கலாம். மச்சினர் வேலையில் நிற்காததால் அவருக்கு வட்டியும் லாபப் பங்கும் மட்டும். ஏசி லாபம் ஒருவருக்கு, மலை வேலை லாபம் ஒருவருக்கு என்று பிரிக்கும் யோசனையை ஆரம்பத்திலேயே விட்டோம். மழை மாதங்களில் கீழே ஏசி வேலை படுத்துவிடும், ஊட்டிக் குளிருக்கு அப்போதுதான் அங்கே அழைப்பு வரும். இரண்டும் ஒரே கணக்கில் இருந்தால்தான் வருஷம் முழுக்க வீட்டுச் செலவுக்குப் பணம் எடுக்க முடியும்.

பதிவு கட்டாயமில்லைதான். ஆனால் அதே 1932 சட்டத்தின் 69ஆவது பிரிவின்படி, பதிவாகாத ஃபர்ம் பாக்கி வைத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. பாக்கி நிற்காத ஏசி தொழில் எங்கே இருக்கிறது? மூவரும் கையெழுத்திட்டு விண்ணப்பித்து, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிட்டோம். இன்னொன்றும் பத்திரத்தில் இருக்கட்டும்: விலகுகிறவர் பொது அறிவிப்புக் கொடுக்கும்வரை, அவர் போன பிறகு ஃபர்ம் வாங்கும் கடனுக்கும் அவரைப் பிடிக்க வழி உண்டு. அதனால் விலகல் பிரிவிலேயே, அறிவிப்பு எத்தனை நாளுக்குள், செலவு யாருடையது, பதிவாளருக்குத் தெரிவிப்பது யார் என்று மூன்றையும் எழுதி வைத்திருக்கிறோம்.