கல்லறை வாங்கிய சபை

டோக்கியோவுக்கு மேற்கே, தாமா நியூ டவுனில் உள்ள ஒரு சிறிய சபையில் நானும் என் மனைவியும் ஊழியம் செய்தோம். 1971-ல் மக்கள் குடியேறத் தொடங்கிய புறநகர் அது. நாகாயாமா பக்கம் லிஃப்ட் இல்லாத ஐந்து மாடிக் குடியிருப்புகள் வரிசையாக நிற்கும். அன்று இளம் தம்பதிகளாக வந்தவர்களுக்கு இப்போது படியேறுவதே பெரும்பாடு. சபையும் அவர்களோடு சேர்ந்து மூத்திருந்தது.

நம் முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த அதே பிரான்சிஸ் சவேரியார்தான் 1549-ல் ககோஷிமாவில் போய் இறங்கினார். ஆனாலும் இன்றைக்கு ஜப்பானில் கிறிஸ்தவர்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஒருவர்தான். ஞாயிறு ஆராதனைக்கு முப்பது பேர் வந்தால் அது வழக்கமான அளவுள்ள சபை.

யாரும் எங்களை எதிர்க்கவில்லை. ஆங்கில வகுப்புக்குப் பிள்ளைகள் ஆசையாக வருவார்கள். நடுநிலைப் பள்ளிக்குப் போனதும் ஞாயிற்றுக்கிழமையும் விளையாட்டுப் பயிற்சி வந்துவிடும், அதோடு சரி. அப்பாக்கள் வாரமெல்லாம் கெய்யோ லைன் ரயிலில் நசுங்கிப் போய் வந்து அன்றுதான் தூங்குவார்கள். இதையெல்லாம் நாங்கள் எதிர்பார்த்தே போயிருந்தோம்.

எதிர்பாராதது கல்லறை. வேதத்தை எங்களைவிட ஆழமாக வாசித்த ஒரு அம்மா ஞானஸ்நானம் மட்டும் எடுக்காமலே இருந்தார். ஒரு நாள் ஆராதனை முடிந்து தேநீர் குடிக்கும்போது கேட்டார்: "சென்செய் (போதகரே), செத்த பிறகு என்னை எங்கே வைப்பீர்கள்?" அங்கே அநேகமாக எல்லோரையும் தகனம்தான் செய்கிறார்கள். அஸ்தி குடும்பக் கல்லறைக்குப் போகும். பல குடும்பங்களுக்கு அது புத்தக் கோயில் வளாகத்தில் இருக்கும். கிறிஸ்தவச் சடங்கைக் கோயில் ஏற்காமல் போகலாம். மூத்த மகனின் மனைவி என்றால், வீட்டுப் பூஜை மாடத்தையும் முன்னோர் கல்லறையையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு வேறு அவர் தலையில். விசுவாசம் இல்லாமல் அவர் தயங்கவில்லை. தனக்கு இடமில்லாமல் போய்விடுமோ என்ற பயம் அது. எத்தனை பிரசங்கம் செய்தாலும் அந்தப் பயம் போகாது.

சபைக்கென்று பொதுக் கல்லறை வாங்கலாம் என்றார்கள் மூப்பர்கள். ஜப்பானில் பல சபைகள் அப்படி வைத்திருக்கின்றன. வெளிநாட்டுக் காணிக்கையைக் கேட்கலாமே என்றேன். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. என்னை ஃபுச்சூ பக்கமுள்ள தாமா கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிப்போய் உச்சிமுரா கான்சோவின் கல்லறையைக் காட்டினார்கள். மிஷனரிகளின் பணத்தைச் சார்ந்திராத ஜப்பானியக் கிறிஸ்தவத்துக்காக வாழ்ந்து 1930-ல் மறைந்தவர் அவர். அதற்குமேல் நான் பேசவில்லை. ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்து அவர்களே பணம் சேர்த்தார்கள். அந்தச் சபையில் நான் கண்ட மிகப் பெரிய காணிக்கை அதுதான்.

அப்புறம் நடந்ததை நாங்கள் யாருமே திட்டமிடவில்லை. ஈஸ்டர் சமயத்தில் சபையின் கல்லறையில் நடக்கும் நினைவு ஆராதனைக்கு, இறந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் வந்தார்கள். சபைப் படியே மிதிக்காதவர்கள், பூ வைத்து, பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்கள். சிலர் மறு வருஷமும் வந்தார்கள். ஒரு மகள் தன் குழந்தையோடு ஞாயிறுகளிலும் வரத் தொடங்கினார். அந்த அம்மா கணவரின் சம்மதத்தோடு ஞானஸ்நானம் எடுத்தார். கணவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

சபை இன்னும் சிறியதுதான். ஒரு ஜப்பானியப் போதகர் வேறொரு சபையோடு சேர்த்து இதையும் நடத்துகிறார். அவர் வரமுடியாத ஞாயிறுகளில் மூப்பர்களே வேதம் வாசித்து ஆராதனையை நடத்திவிடுகிறார்கள்.