டபராவுக்குத் தொடங்கி டம்ளரில் முடிந்த டாட்டிங் விரிப்பு

டாட்டிங் என்று சொன்னால் பாதிப் பேர் "குரோஷாவா?" என்கிறார்கள். மீதிப் பேர் டேட்டிங் என்று காதில் வாங்கிக்கொண்டு என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். எனக்கு வயது நாற்பத்தாறு. இது ஷட்டிலில் நூலைச் சுற்றிக்கொண்டு முடிச்சு மேல் முடிச்சாகப் போட்டு லேஸ் பின்னும் வேலை. தறியில் ஓடும் நாடாவுக்கு விரல் நீளத்தில் ஒரு தம்பி பிறந்தால் எப்படி இருக்கும், அதுதான் ஷட்டில். இரண்டு முனையும் கூர்ந்த குட்டிப் படகு.

காபி டபரா வைக்கிற அளவுக்கு வட்ட விரிப்பு ஒன்று போட வேண்டும் என்று ஆடி மாதம் ஆரம்பித்தேன். ஐப்பசி மழையில் முடிந்தது.

முதலில் ஊசியில்தான் முயன்றேன். ஊசி டாட்டிங் சுலபம் என்று கேள்வி. முடிச்சுகளை ஊசி மேல் வரிசையாக ஏற்றிவிட்டு, கடைசியில் ஊசியை உருவினால் நூல் முடிச்சுகளுக்குள் ஓடிவிடும். இதற்கென்று தனி ஊசி உண்டு என்பது தெரியாமல், வீட்டிலிருந்த கோணி ஊசியை எடுத்தேன். பத்து முடிச்சு அழகாக ஏறியது. உருவும்போது காதில் போய் முட்டி நின்றது. டாட்டிங் ஊசி முனையிலிருந்து காது வரை ஒரே தடிமனாக இருக்க வேண்டுமாம். சரி, ஷட்டிலே வாங்கிவிடுவோம் என்று இணையத்தில் வரவழைத்தேன். முதலில் வந்ததன் முனைகள் சரியாக மூடவில்லை, நூல் தானாகக் கழன்று ஓடியது. இரண்டாவது நன்றாக அமைந்தது. நூல் முனைக்குள் நுழையும்போது 'டிக்' என்று சத்தம் வருகிறது. அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் நாலு முடிச்சு போடத் தோன்றும்.

அப்புறம் பன்னிரண்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. டாட்டிங்கில் கற்க வேண்டியது ஒரே ஒரு விஷயம், அது கைக்கு வர மறுத்தது. இடது கை விரல்களைச் சுற்றி ஒரு நூல். அதைச் சுற்றி ஷட்டில் நூலால் முடிச்சுப் போடுகிறோம். ஆனால் வேலை முடியும்போது முடிச்சு ஷட்டில் நூலில் இருக்கக் கூடாது, கையில் இருக்கும் நூல்தான் முடிச்சாக மாற வேண்டும். ஷட்டில் நூல் அதற்குள் நேர்கோடாக ஓட வேண்டும். இதற்கு, முடிச்சு இறுகும் முன் இடது கை விரல்களைத் தளர்த்தி, ஷட்டில் நூலை விறைப்பாகச் சுண்ட வேண்டும். அந்த நொடியில் முடிச்சு ஒரு நூலிலிருந்து மற்றதுக்குத் தாவுகிறது. வலது கையைத் தளர்த்தினால் தாவாது, முடிச்சு அந்த இடத்திலேயே பூட்டிக்கொள்ளும். நானோ இரண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசியில் கைகொடுத்தது நிறம்தான். ஷட்டிலில் சிவப்பு நூல், கையில் வெள்ளை நூல், இரண்டையும் முடிந்துகொண்டு பழகினேன். முடிச்சு சிவப்பாகத் தெரிந்தால் தாவவில்லை, வெள்ளையாகத் தெரிந்தால் தாவிவிட்டது. பதின்மூன்றாம் நாள் மாலை வரிசையாக எட்டு வெள்ளை முடிச்சு விழுந்தது. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு நான் சொல்வது இது மட்டும்தான்: ஒரே நிற நூலில் பழகாதீர்கள்.

முடிச்சின் முதல் பாதியில் ஷட்டில் நூல் கையிலுள்ள நூலுக்குக் கீழே போய் மேலே வரும். இரண்டாம் பாதியில் மேலே போய்க் கீழே வரும். இரண்டும் சேர்ந்தால் ஒரு முடிச்சு. அந்த முடிச்சுகளால் ஒரு வளையம் போட்டு நூலை இழுத்து மூடினால் ரிங். நூல் உருண்டையிலிருந்து இன்னொரு நூலைக் கையில் வாங்கி வளைவாகப் போட்டால் செயின். முடிச்சுகளுக்கு நடுவே விடும் சின்னக் காது பிக்காட், பக்கத்து ரிங்கை மாட்டும் கொக்கியும் அதுதான். மொத்த டாட்டிங்கும் இவ்வளவுதான்.

நூல் ஆங்கர் 20ஆம் நம்பர், வெள்ளை. வேட்டிக்கு நம்பர் பார்த்து வாங்குகிறவர்களுக்குப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, இங்கேயும் நம்பர் ஏற ஏற நூல் மெலிசு. முறை நானே தாளில் எழுதிக்கொண்டது. நடுவில் 24 முடிச்சும் 12 பிக்காட்டும் உள்ள ஒரு ரிங். இரண்டாம் சுற்றில் 8 முடிச்சு ரிங், 8 முடிச்சு செயின், பன்னிரண்டு தடவை. மூன்றாம் சுற்றில் இரண்டும் 12 முடிச்சு. நான்காவதில் 12 முடிச்சு ரிங் மூன்று சேர்ந்த மூவிலைகள் பன்னிரண்டு, இடையிடையே 16 முடிச்சு செயின். கூட்டினால் 1128 முடிச்சு. ஒவ்வொன்றும் இரண்டு பாதி என்பதால் கை 2256 தடவை போய்வர வேண்டும்.

நடு ரிங்கே காலை வாரியது. 24 முடிச்சும் போட்டு முடித்து, மூடுவதற்கு இழுத்தால் பாதியில் நின்றது. பலமாக இழுத்தேன். நூல் அறுந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் பதினேழாவது முடிச்சு தாவவே இல்லை, பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குரோஷாவாக இருந்தால் நூலை இழுத்ததும் மளமளவென்று பிரிந்துவிடும். இது முடிச்சு, பிரியாது, கத்தரிதான். அன்றிலிருந்து நாலு முடிச்சுக்கு ஒரு தடவை ஷட்டில் நூலை இழுத்து, முடிச்சுகள் அதன் மேல் வழுக்குகின்றனவா என்று பார்த்துக்கொள்கிறேன்.

அந்தச் சமயத்தில் நாகர்கோவிலிலிருந்து அத்தை வந்திருந்தார். அந்தப் பக்கம் லேஸ் என்றால் தலையணை மேல் ஊசி குத்தி, நூல் சுற்றிய மரக்குச்சிகளை மாற்றி மாற்றிப் போடுவது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் நாகர்கோவிலில் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்த வேலை. அவருடைய மகள் எலைசாதான் கால்டுவெல்லின் மனைவி, எலைசா இடையன்குடிக்கும் லேஸைக் கொண்டுபோனார். அந்த மரபில் வந்த கண்ணால் அத்தை என் கையைப் பார்த்துவிட்டு, "மக்ளே, தலையணை இல்ல, குச்சி இல்ல, இதெப்படி லேஸாவும்?" என்றார். அரை மணி நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். "பேசிக்கிட்டே போடலாம் போலயே" என்றார். அது நிஜம். இத்தாலியில் இதற்குக் கியாக்கியெரீனோ என்று பெயர், அரட்டை என்ற சொல்லிலிருந்து வந்தது. நான் சொன்னதும் அத்தைக்கு ஒரே சிரிப்பு.

இரண்டாம் சுற்று ஒரு வாரத்தில் முடிந்தது. பிக்காட்டுகள் ஒரே உயரத்தில் நிற்க, பழைய கல்யாணப் பத்திரிகையில் 8 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டி, இரண்டு முடிச்சுக்கு நடுவே வைத்து அளந்தேன். முடிச்சுகளை நெருக்கியதும் நூல் மடிந்து 4 மி.மீ. காதாக நிற்கும். பத்திரிகை அட்டைதான் இதற்கு ஏற்ற தடிமன், வீட்டில் அதற்குப் பஞ்சமும் இல்லை.

மூன்றாம் சுற்றைக் குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் உட்கார்ந்து போட்டேன். தண்ணீர்க் கட்டண விவாதம் சூடேறச் சூடேற என் கையும் இறுகியிருக்கிறது. வீட்டுக்கு வந்து மேஜையில் வைத்தால் விரிப்பு விரியவில்லை, சுண்டல் வைக்கிற தொன்னை மாதிரி கவிந்து நின்றது. முறையில்தான் தப்போ என்று நினைத்து, அளவுகோலும் பென்சிலுமாக உட்கார்ந்தேன்.

இரண்டாம் சுற்றோடு விட்டம் 27 மி.மீ. மூன்றாம் சுற்று ஓரம் 39க்கு வர வேண்டும். விட்டம் 12 மி.மீ. கூடினால் சுற்றளவு ஏறக்குறைய 38 மி.மீ. கூடும். பன்னிரண்டு செயினுக்கும் பங்கு போட்டால் ஆளுக்கு 3 மி.மீ. சொச்சம். 20ஆம் நம்பர் நூலில் என் முடிச்சு ஒன்று சுமார் 1 மி.மீ. அகலம். செயின் வில்லாக வளைவதால் இன்னொரு முடிச்சு. ஆக, 8 முடிச்சு 12 ஆனது சரிதான். ஆனால் கூட்டத்தில் போட்ட 12 முடிச்சு செயினை அளந்தால் 9 மி.மீ. தான் வருகிறது! எண்ணிக்கை ஏறியிருக்கிறது, நீளம் ஏறவில்லை. ஓரம் போதாமல்தான் நடு பள்ளமாகிவிட்டது. முழுச் சுற்றையும் வெட்டி எடுத்தேன். மறுபடி போட்டபோது ஒவ்வொரு செயினையும் அளவுகோலில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ரிங்குக்குப் போனேன். எண்ணினால் மட்டும் போதும் என்று நினைத்ததுதான் என் தப்பு, அளக்கவும் வேண்டும்.

அந்தப் பயத்தில் நான்காம் சுற்றில் கையை அதிகமாகத் தளர்த்திவிட்டேன். இப்போது ஓரம் பாவாடைக் கொசுவம் மாதிரி நெளிந்தது. மூன்று செயின் போன பிறகே கண்ணில் பட்டது. அடுத்த ரிங்கை மூடும் வரைதான் செயினை இழுத்துச் சரிசெய்யலாம், மூடிவிட்டால் அதோடு சரி. அந்த மூன்றையும் அப்படியே விட்டுவிட்டேன். சொன்னால்தான் தெரியும்.

ஏழாவது மூவிலையில் பக்கத்து இலையோடு மாட்ட மறந்து ரிங்கை மூடிவிட்டேன். மூடிய ரிங்கைத் திறக்கவே முடியாது என்பார்கள். முடியும், பொறுமை வேண்டும். பிக்காட் இருக்கும் இடத்தில் முடிச்சுகளை நகத்தால் விலக்கினால் உள்ளே ஓடும் நூல் தெரியும். ஊசி முனையால் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே இழுத்தால் ரிங் இளகிக் கொடுக்கும். நாற்பது நிமிடம் ஆனது. கடைசி மூவிலையை முதல் மூவிலையோடு மாட்டும்போது பிக்காட் முறுக்கிக்கொண்டு நின்றதை மட்டும் நிமிர்த்த முடியவில்லை. வேலையை மடித்து வைத்துக்கொண்டு மாட்டியிருக்க வேண்டும்.

ஷட்டில் நூலையும் உருண்டை நூலையும் வெட்டாமல் ஒரே நூலாக வைத்துத் தொடங்கினால், சுற்றுக்கு இரண்டு முனைதான் மிஞ்சும். நான்கு சுற்றுக்கு எட்டு முனை. ஊசியால் முடிச்சுகளுக்குள் ஒளித்துத் தைத்தேன். இந்தக் கைத்தொழிலிலேயே சலிப்பான வேலை இதுதான்.

கடைசியாகத் தண்ணியாக ஜவ்வரிசிக் கஞ்சி காய்ச்சி, நனைத்து, தெர்மோகோல் பலகையில் விரித்துக் குண்டூசி குத்தினேன். மழைக்காலம், காய இரண்டு நாள் ஆனது. எடுத்துப் பார்த்தால் பன்னிரண்டு பிக்காட்டிலும் துருப் புள்ளி! குண்டூசி துருப்பிடிக்கும் என்பது எந்தக் குழந்தைக்கும் தெரியும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, வெயில் எட்டிப்பார்த்த நேரமெல்லாம் வெளியே வைத்து எடுத்தேன். புள்ளிகள் போய்விட்டன, கஞ்சியும் போய்விட்டது. மறுபடி கஞ்சி, இந்த முறை துருப்பிடிக்காத எஃகு ஊசி.

விட்டம் 6 செ.மீ. டபராவை வைத்தால் விரிப்பே தெரியவில்லை. டம்ளர் அளவெடுத்த மாதிரி உட்காருகிறது, சுற்றிலும் மூவிலை ஓரம் மட்டும் எட்டிப்பார்க்கிறது. ஐந்தாம் சுற்றுக்குச் செயினுக்கு 20 முடிச்சு வரும் என்று தாளில் எழுதி வைத்திருக்கிறேன். ஷட்டிலில் நூல் இன்னும் சுற்றவில்லை.