வைப்பரில் தொங்கும் மீன்

ஆப்பிரிக்காவின் மலாவி நாடு, சலீமா ஊர் பஸ் நிலையம். மினிபஸ் வைப்பரில் ஒருவர் மீன் கொத்தைக் கட்டிக்கொண்டிருந்தார்.

மலாவி ஏரியில் பிடித்த சம்போ. நம்மூர் ஜிலேபி மீனுக்குச் சொந்தம். வண்டிக்குள் வைத்தால் நாறும். வெளியே தொங்கினால் தலைநகர் லிலாங்வே வரை, சுமார் 100 கிலோமீட்டர், காற்று வாங்கிக்கொண்டே வரும். சைடு கண்ணாடியிலும் ஒரு கொத்து. டிரைவர் இடைவெளியில் எட்டிப் பார்த்து, "சரி, ரோடு தெரியுது" என்கிற மாதிரி தலையாட்டினார்.

கிளம்பும் நேரம் என்று ஒன்று கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும், அவ்வளவுதான்.

"இங்கே யாருக்கும் அவசரமே இல்லை, என்ன ஒரு நிம்மதி!" என்று முதுகுப்பையோடு வருகிறவர்கள் உருகி எழுதுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். என் பக்கத்து சீட் அக்கா நடத்துனரைப் பிடித்த பிடியை அவர்கள் பார்க்க வேண்டும்.

மலாவிக்குக் கடல் இல்லை. பெட்ரோல், டீசல் எல்லாம் தான்சானியா, மொசாம்பிக் துறைமுகங்களில் இறங்கி, நிலம் கடந்து வர வேண்டும். காலி சீட்டோடு வண்டியை எடுத்தால் நஷ்டம் டிரைவர் தலையில்தான். இதில் தத்துவம் எங்கே இருக்கிறது? கணக்குதான் இருக்கிறது.

அக்காவுக்கும் அது தெரியும். திட்டி முடித்த கையோடு ஜன்னலில் வேர்க்கடலை வாங்கி, கேட்காமலே என் கையிலும் கொஞ்சம் கொட்டினார்.

இப்போதெல்லாம் எந்த ஸ்டாண்டிலும் "எத்தனை மணிக்கு?" என்று நான் கேட்பதில்லை. "இன்னும் எத்தனை பேர் வரணும்?" அதற்குத்தான் பதில் கிடைக்கிறது.